ஆர் மொழியில் சிக்கிக்கொண்டால் உதவி கேட்பது எப்படி?

ஆர் (R) என்ற நிரல்மொழியில் தரவுப் பகுப்பாய்வு செய்யும்போது சிக்கிக்கொள்பவர்கள் பலரும் "என் நிரல் ஓடவில்லை, என்ன செய்வது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்தத் தரவின்மேல் எந்தக் கட்டளையை ஆரின் எந்தப் பதிப்பில் இயக்கினார்கள் என்பது தெரியாதவரை, எவ்வளவு தேர்ந்தவராலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. நம் கணினியில் வந்த அதே பிழையை அவர் தம் கணினியிலும் வரவழைத்துப் பார்க்கும்படி கேள்வியை அமைத்துக் கொடுத்தால், விடை பெரும்பாலும் விரைவில் கிடைத்துவிடும்.

கேட்பதற்கு முன் பிழைச்செய்தியை முழுமையாகப் படியுங்கள். கட்டளையின் பெயருக்கு முன் கேள்விக்குறி இட்டு அதன் உதவிப் பக்கத்தைத் திறந்து, அடியிலுள்ள எடுத்துக்காட்டுகளை இயக்கிப் பாருங்கள். பிறகு ஆரை மறுதொடக்கம் செய்து, நிரலை முதல் வரியிலிருந்து மீண்டும் ஓட்டுங்கள். முன்பு எப்போதோ உருவாக்கிய மாறி ஒன்று நினைவகத்தில் தங்கியிருந்து குழப்பம் விளைவித்திருந்தால், அது இந்தக் கட்டத்திலேயே வெளிப்படும்.

அடுத்து, சிக்கலைச் சுருக்க வேண்டும். இருநூறு வரி நிரலை அப்படியே அனுப்பாமல், பிழையைக் காட்டும் ஐந்தாறு வரிகளை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நீக்குங்கள். முடிந்தால் சொந்தத் தரவுக்குப் பதிலாக ஆருடன் சேர்ந்தே வரும் தரவைப் பயன்படுத்துங்கள். நியூயார்க்கில் 1973 மே முதல் செப்டம்பர் வரை பதிவான காற்றின் தரத்தைக் கொண்ட ஏர்குவாலிட்டி இதற்கு மிகவும் ஏற்றது. அதிலுள்ள 153 நாள்களில் 37 நாள்களுக்கு ஓசோன் அளவு இல்லாததால், ஓசோன் நெடுவரிசையின் சராசரியைக் கேட்டால், மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் என்ஏ (NA) என்றுதான் வரும். விடுபட்டவற்றை ஒதுக்கச் சொல்லி என்ஏ.ஆர்எம் என்பதை ட்ரூ என்று அமைத்தால் 42.13 கிடைக்கும். விடுபட்ட மதிப்புகளைப் பற்றிய ஐயம் எதையும் இந்த ஒரு நெடுவரிசையை வைத்தே கேட்டுவிடலாம்; உதவுபவர் எந்தக் கோப்பையும் தரவிறக்க வேண்டியதில்லை.

சொந்தத் தரவைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் கணினித் திரையைப் படம்பிடித்து அனுப்பாதீர்கள். படத்திலுள்ள எண்களை யாராலும் ஆருக்குள் ஏற்ற முடியாது. ஹெட் கட்டளையால் முதல் சில வரிசைகளை எடுத்து, டிபுட் கட்டளைக்குக் கொடுத்து, வரும் எழுத்துவடிவத்தை ஒட்டுங்கள். இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. ஃபேக்டர் வகை நெடுவரிசை, தன்னிடம் வரக்கூடிய வெவ்வேறு மதிப்புகளை 'நிலைகள்' என்ற பட்டியலாக வைத்திருக்கும்; அதில் ஆறே வரிசைகளை எடுத்தாலும், அதன் எல்லா நிலைகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். நோயாளிகளின் பெயர்கள் அத்தகைய நெடுவரிசையில் இருந்தால், ஆறு பேருக்குப் பதில் அனைவருடைய பெயர்களும் வெளியே போய்விடும். டிராப்லெவல்ஸ் கட்டளையால் மிகுதி நிலைகளை நீக்குவதும், எஞ்சிய பெயர்களுக்குப் புனைபெயர் இடுவதும் விட்டுவிடக் கூடாத வேலைகள்.

ஆரின் பதிப்பு முதலியவற்றைக் காட்டும் செஷன்இன்ஃபோ கட்டளை தரும் விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இதை வெறும் சடங்காக நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பதிப்பு மாறினால் விடையே மாறிவிடலாம். வருமான நெடுவரிசையில் "1,250" என்று காற்புள்ளியுடன் எண்கள் இருப்பதாகக் கொள்வோம். தரவுக் கோப்பைப் படிக்கும் ரீட்.சிஎஸ்வி கட்டளை, 2020இல் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து, இயல்பாக அதை எழுத்துச்சரமாகவே படிக்கிறது, ஏஸ்.நியூமெரிக் கொண்டு எண்ணாக மாற்றினால், காற்புள்ளி உள்ளவை என்ஏ ஆகிவிட்டன என்ற எச்சரிக்கை வரும். அதற்கு முந்தைய பதிப்புகள் அதையே ஃபேக்டராகப் படித்தன. அங்கே இதே கட்டளை எந்த எச்சரிக்கையும் இன்றி 1, 2, 3 என்று நிலைகளின் வரிசை எண்களைத் தந்துவிடும். வருமானம் என்று நம்பி அவற்றின் சராசரியை எடுத்தவருக்குத் தவறு நடந்ததே தெரியாது. எனவே ஸ்டர் கட்டளை காட்டும் நெடுவரிசை வகைகளையும் கேள்வியில் சேருங்கள்.

ஆருக்குக் கூடுதல் கட்டளைகளைத் தரும் தொகுப்புகளில் எவற்றை எந்த வரிசையில் ஏற்றினீர்கள் என்பதும் நிரலின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். டிபிளையர், மாஸ் ஆகிய இரண்டிலும் செலக்ட் என்ற கட்டளை உண்டு. எது பின்னால் ஏற்றப்பட்டதோ அதுவே இயங்கும். இவை எல்லாம் சரியாக உள்ளனவா என்று நீங்களே சோதிக்க ரெப்ரெக்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அது உங்கள் நிரலைப் புதிய அமர்வில் ஓட்டி, வெளியீட்டையும் சேர்த்து ஒட்டுவதற்கு ஏற்ற வடிவில் தருகிறது.

நிரல் பிழையின்றி ஓடியும் முடிவில் ஐயம் எழுந்தால், அது பெரும்பாலும் புள்ளியியல் கேள்வி. ஏர்குவாலிட்டியில் ஓசோனைச் சூரியக் கதிர்வீச்சு, காற்றின் வேகம், வெப்பநிலை ஆகியவற்றுடன் தொடர்புபடுத்தும் நேர்கோட்டு மாதிரியை எல்எம் கட்டளை கொண்டு உருவாக்கினால், ஏதேனும் ஒரு மதிப்பு விடுபட்ட 42 நாள்களை ஆர் தானாகவே ஒதுக்கிவிட்டு 111 நாள்களை வைத்தே கணக்கிடும். அப்படி ஒதுக்குவது தகுமா என்பதை நிரல் வல்லுநரிடம் கேட்பதைவிடப் புள்ளியியலாளரிடம் கேட்பதே முறை. அவரிடம் போகும்போது, எதை அளந்தீர்கள், எப்படி அளந்தீர்கள், மதிப்புகள் ஏன் விடுபட்டன, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். நிரலை அவர் கேட்டால் காட்டினால் போதும்.