திகாரில் இருப்பவரைப் பார்க்க இ-முலாகாத் பதிவு: டெல்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு

வக்கீல் பிடிப்பது, ஜாமீன் மனு போடுவது பற்றி இந்தப் பதிவில் எதுவும் இல்லை. வீட்டு ஆள் ஒருவர் நீதிமன்றக் காவலில் உள்ளே போய்விட்டார். அவரைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும், கைச்செலவுக்கு நாலு காசு போய்ச் சேர வேண்டும். அதற்கு மட்டும்தான் இது. 'முலாகாத்' என்றால் ஹிந்தியில் சந்திப்பு; இ-முலாகாத் என்பது அந்தச் சந்திப்புக்கு இணையத்தில் படிவம் நிரப்பிப் பதிவு செய்வது. என் மச்சானுக்காக இந்த வேலைகளை எல்லாம் நானே செய்தேன். அப்புறம் திரிலோக்புரியிலிருந்தும் இந்தர்புரியிலிருந்தும் தெரிந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதற்குப் பதில் எழுதி வைக்கிறேன்.

போலீஸ் காவலில் இருக்கும்வரை இந்த வழி செல்லாது. மாஜிஸ்டிரேட் 'ஜூடிஷியல் கஸ்டடி' என்று உத்தரவு போட்டு, சிறையில் பெயர் ஏறிய பிறகுதான்.

1. எந்த ஜெயில்?

'திகார்' என்றால் போதாது. டெல்லியில் மொத்தம் 16 சிறைகள்: திகார் வளாகத்தில் 9, மண்டோலியில் 6, ரோகிணியில் 1. பெண்களுக்கு திகாரில் 6-ம் எண் சிறை, மண்டோலியில் 16-ம் எண் சிறை. படிவத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும், அதனால் எண் தெரிந்தே ஆக வேண்டும். உள்ளுக்குள்ளேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு முறை பதிவு செய்யும் முன்னும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பெயர்

இங்கேதான் நம் ஆட்கள் எல்லோரும் மாட்டுகிறார்கள். நானும் நாள்கணக்கில் இங்கேதான் நின்றேன்.

படிவம் கைதியின் பெயரையும் தகப்பனார் பெயரையும் கேட்கும். சிறைப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுத்தால்தான் ஆள் அகப்படுவார். அந்தப் பதிவேட்டுப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கைது செய்த போலீஸ்காரர் காதில் விழுந்ததை ஹிந்தியில் எழுதுகிறார். அதுவே நீதிமன்றத்துக்குப் போகிறது. நீதிமன்றத்தின் காவல் வாரண்டைப் பார்த்து சிறையில் ஏற்றுகிறார்கள். இத்தனை கை மாறி வரும்போது, உதாரணத்துக்கு, பெ. முருகேசன் என்பவர் 'முர்கேஷ்' ஆகிவிடுவார். 'பெ' என்ற இனிஷியல் என்னவென்று யாருக்கும் புரியாது; சிலர் விட்டுவிடுவார்கள், சிலர் குடும்பப் பெயர் என்று நினைத்து கடைசியில் சேர்ப்பார்கள். தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஆதாரைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் அடித்தாலும் வராது, ஏனென்றால் அப்படி ஒரு ஆள் அவர்கள் கணக்கில் இல்லை.

என்ன செய்யலாம்? இ-கோர்ட்ஸ் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கத்தில் ஒன்று இருக்கும், வக்கீலின் ஜூனியரிடம் கேட்டால் தருவார். அதைப் போட்டால் நீதிமன்றம் எழுதிய பெயர் அப்படியே வரும், அடுத்த தாரீக் (வாய்தா) என்றைக்கு என்பதும் வரும். வக்கீலுக்கு ஓயாமல் போன் போடுவதைவிட இந்தச் செயலி எவ்வளவோ மேல். இன்னும் உறுதியான வழி, காவல் வாரண்டின் நகலை வாங்கி அதிலிருக்கும் பெயரை, பிழையோடு சேர்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது. இனி சிறை சம்பந்தப்பட்ட எல்லாப் படிவத்திலும் அதுதான் அவர் பெயர். திருத்த வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அது அதன் போக்கில் நடக்கட்டும், அதற்காகப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

3. உள்ளே இருப்பவர் கொடுக்கும் பட்டியல்

யார் யார் தன்னைப் பார்க்க வரலாம் என்று கைதியே பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். டெல்லி சிறை விதிகள் 2018-ன்படி 10 பேர் வரை கொடுக்கலாம். பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் வாசலோடு சரி.

இதிலும் அதே பெயர்த் தொல்லை. மச்சான் தன் அக்காவை, அதாவது என் வீட்டுக்காரியை, வீட்டில் கூப்பிடும் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டான். ஆதாரில் இருப்பது வேறு. முதல் முறை வக்கீல் உள்ளே போகும்போதே, வரப்போகிறவர்கள் எல்லோருடைய பெயரும் ஆதாரில் உள்ளபடி, உறவு முறையோடு எழுதிய தாளைக் கொடுத்தனுப்புங்கள். வக்கீல் இன்னும் அமையவில்லையா? காவலில் இருக்கும் யாருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அதற்குக் கூப்பிட வேண்டிய போன் எண்களில் 15100 தேசிய அளவிலானது, 1516 டெல்லிக்கானது.

4. படிவம்

'இ-பிரிசன்ஸ்' என்று தேடுங்கள். அரசாங்கத் தளம், மத்திய அரசின் கணினி அமைப்பான என்.ஐ.சி. நடத்துவது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். 'இ-முலாகாத்' பகுதியில் உங்கள் விவரம், அடையாள அட்டை எண், கைதியின் விவரம், தேதி, நேரிலா வீடியோவிலா என்பதைக் கொடுத்தால் போனுக்கு ஓ.டி.பி. வரும், அப்புறம் பதிவு எண். அதோடு முடியவில்லை. சிறை நிர்வாகம் ஒப்புதல் கொடுக்க வேண்டும், அது வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். போனில் செய்வதைவிட லேப்டாப்பில் செய்வதுதான் எனக்குப் பிடிக்கும்.

வாரத்துக்கு இரண்டு முலாகாத். எந்தக் கிழமை என்பது பெரும்பாலும் கைதியின் பெயரின் முதல் எழுத்தை வைத்து. முதல் எழுத்தே தப்பாக ஏறியிருந்தால் கிழமையும் அதன்படிதான்!

'வாரத்துக்கு இரண்டு முறை' என்பது சும்மா வந்ததில்லை. திகாரில் அடைக்கப்பட்டிருந்த பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பிரிட்டிஷ் பெண்மணிக்கு, ஐந்து வயது மகளைப் பார்க்க மாதம் ஒரு முறைதான் அனுமதி. அவர் தொடுத்த வழக்கில் 1981-ல் உச்ச நீதிமன்றம், குடும்பத்தாரைச் சந்திப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது, வாரம் இரண்டு முறையாவது பார்க்க விட வேண்டும் என்றது. வாசலில் யாராவது உங்களுக்குத் தயவு பண்ணுவது போலப் பேசினால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், வரிசை நீளும்.

5. போகிற அன்று

திகாருக்கு நீல வழித்தட மெட்ரோவில் திலக் நகர் அல்லது சுபாஷ் நகர். அசல் அடையாள அட்டை, பதிவு எண். போனை உள்ளே விட மாட்டார்கள், அதனால் சொல்ல வேண்டியதை, கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிப் போங்கள். வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகாதீர்கள். மருந்து என்றால் மாத்திரையோடு நின்றுவிடாமல் டாக்டர் சீட்டின் நகலும் வேண்டும். சிறை டாக்டர் பார்த்துத்தான் கொடுப்பார்.

பெரும்பாலும் சந்திப்பு 'ஜங்லா'வில்தான், அதாவது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள். சுற்றிலும் எல்லோரும் கத்திப் பேசுவார்கள், சந்தைக்கடை மாதிரி. அரை மணி என்று விதி சொன்னாலும் அழுது தீர்ப்பதிலேயே பாதி போய்விடும். பண விஷயம், வக்கீல் விஷயம், உடம்பு விஷயம் மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். வழக்கின் உள் விவரங்களை அங்கே பேசாதீர்கள், அது வக்கீலோடு பேச வேண்டியது. குழந்தைகளைக் கூட்டிப் போவது பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கூட்டிப் போங்கள் என்பேன், முன்கூட்டியே இடம் எப்படி இருக்கும் என்று சொல்லி வைத்து.

போன், பணம், கடிதம்

கைதி கொடுத்த எண்ணைச் சரிபார்த்த பிறகு, தினமும் ஐந்து நிமிடம் பேச விடும் வசதி திகாரில் இருக்கிறது. பேச்சு பதிவாகும். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் அம்மா கையில் இருக்கும் சிம் தம்பி பெயரில் இருக்கும். தெரியாத எண்களைத் தானாகவே துண்டிக்கும் செயலி எதுவும் போனில் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

பணம் கைதியின் பெயரில் சிறையில் இருக்கும் கணக்குக்குத்தான் போக வேண்டும், கேண்டீனில் வாங்க அதுதான் உதவும். "உள்ளே அவருக்கு வசதி செய்து தருகிறேன்" என்று போனில் யார் பேசினாலும் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

கடிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். எனக்கு இன்லேண்ட் லெட்டர்தான் பிடிக்கும். உள்ளே எதையும் வைக்க முடியாது, சோதிப்பதும் சுலபம். தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் சுருக்கமாக. படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருந்தால் தாமதமாகும், அவ்வளவுதான்.

சேர்த்தது 1: ஜங்புராவில் தமிழர்கள் இருந்த மதராசி கேம்ப் குடியிருப்பை 2025 ஜூனில் இடித்த பிறகு நரேலாவுக்குப் போனவர்கள், ஆதாரில் பழைய முகவரி இருப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். படிவத்தில் ஆதாரில் உள்ள முகவரியையே கொடுங்கள். அட்டையில் ஒன்று, படிவத்தில் ஒன்று என்று இருந்தால் வாசலில் கேள்வி வரும். முகவரி மாற்றுவதை அப்புறம் நிதானமாகச் செய்யலாம்.

சேர்த்தது 2: சேலத்திலிருந்து ஓர் அம்மா வீடியோ முலாகாத் பற்றிக் கேட்டார். ரயிலில் இரண்டு இரவு உட்கார்ந்து வருவதற்கு இது எவ்வளவோ தேவலை, தாராளமாகச் செய்யலாம். அவருக்கு வந்த சிக்கல் வேறு: பிரவுசிங் சென்டர்க்காரர் படிவத்தில் தன் மெயில் ஐ.டி.யையே போட்டுவிட்டார். ஒப்புதல் தகவல் அந்த மெயிலுக்குப் போனது, கடைக்கு அன்று விடுமுறை. உங்கள் பெயரில் ஒரு மெயில் ஐ.டி. உண்டாக்கி, பாஸ்வேர்டை வீட்டுக் காலண்டரின் பின்னால் எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.