உனோ ஒன்று போதும்: அட்டைனி85 சிப்பில் புரோகிராம் ஏற்றுவது எப்படி?

செமஸ்டருக்கு ஒரு புராஜெக்ட் வருகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்டுயினோ உனோவை (புரோகிராம் ஏற்றி இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) வைத்து மூடிவிட்டால் மாணவர் கைக்காசு தாங்காது. தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் பஸ்ஸர் அடிப்பது, மண் காய்ந்தால் ரிலேவை இயக்குவது போன்ற வேலைகளுக்கு உனோ தேவையே இல்லை. எட்டே கால்கள் கொண்ட அட்டைனி85 சிப் தாராளமாகப் போதும். அதில் 8 கிலோபைட் ஃபிளாஷ், 512 பைட் ராம், நம் உபயோகத்துக்கு ஐந்து பின்கள் இருக்கின்றன.

நாலு பேர் சேர்ந்து ஓர் உனோ வாங்குங்கள். அது புரோகிராம் ஏற்றும் கருவியாக மட்டும் இருக்கட்டும். புராஜெக்டுக்குள் வெறும் சிப் போகட்டும்.

சிப் வாங்கும்போது பிரெட்போர்டில் செருகக்கூடிய, நீளமான கால் உள்ள டிப் வகையாகக் கேளுங்கள். கூடவே 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், 330 ஓம் ரெசிஸ்டர், ஓர் எல்இடி, ஜம்பர் வயர்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. ஆன்லைன் என்றால் சேர்ந்து ஆர்டர் போடுங்கள், கூரியர் செலவு மிச்சமாகும்.

முதலில் உனோவைத் தயார் செய்வோம். கம்ப்யூட்டரில் ஆர்டுயினோ ஐடிஇ (புரோகிராம் எழுதி ஏற்றும் மென்பொருள்) திறந்து, ஃபைல், எக்ஸாம்பிள்ஸ் போய் ஆர்டுயினோஐஎஸ்பி ஸ்கெட்ச்சை (ஆர்டுயினோ புரோகிராமுக்கு அந்தப் பெயர்) எடுத்து, வழக்கம்போல உனோவில் அப்லோட் செய்யுங்கள். இது முடியும்வரை கெப்பாசிட்டரை மாட்ட வேண்டாம்.

அடுத்து வயரிங். உனோவின் யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள். சிப்பின் மேல் ஒரு மூலையில் சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் 1-ஆம் கால். அந்தப் புள்ளி இடப்பக்கம் மேலே வரும்படி வைத்தால், இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1 முதல் 4, வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5 முதல் 8.

உனோ 10 – சிப் 1
உனோ 11 – சிப் 5
உனோ 12 – சிப் 6
உனோ 13 – சிப் 7
உனோ 5 வோல்ட் – சிப் 8
உனோ கிரவுண்ட் – சிப் 4

இப்போது கெப்பாசிட்டரை உனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே செருகுங்கள். மைனஸ் கோடு போட்ட கால் கிரவுண்டுக்கு. கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் உனோ தானாக ரீசெட் ஆகும். அதைத் தடுக்காவிட்டால் உங்கள் புரோகிராம் சிப்புக்குப் போகாமல் உனோவுக்குள்ளேயே போய்விடலாம்.

யுஎஸ்பி கேபிளை மறுபடி மாட்டுங்கள். சரி, மென்பொருள் பக்கம். அட்டைனி சிப்புகளை ஐடிஇக்குப் புரியவைக்கும் அட்டைனிகோர் என்ற துணை மென்பொருள் வேண்டும். அதன் கிட்ஹப் பக்கத்தில் உள்ள போர்டு மேனேஜர் முகவரியை ஐடிஇயின் பிரிஃபரன்ஸில் ஒட்டி, போர்டு மேனேஜர் வழியாக நிறுவுங்கள். டூல்ஸ் மெனுவில் பூட்லோடர் (புரோகிராமரே இல்லாமல் புரோகிராமை ஏற்ற உதவும், சிப்புக்குள் இருக்கும் சிறு புரோகிராம்) இல்லாத அட்டைனி85, கிளாக் 8 மெகாஹெர்ட்ஸ் இன்டர்னல், புரோகிராமர் 'ஆர்டுயினோ ஆஸ் ஐஎஸ்பி'. பட்டியலில் 'ஆர்டுயினோஐஎஸ்பி' என்று ஒட்டி எழுதிய இன்னொன்றும் இருக்கும். அது வேறு கருவி, அதைத் தொடாதீர்கள்.

அப்புறம் 'பர்ன் பூட்லோடர்' ஒருமுறை கொடுங்கள். பூட்லோடர் எதுவும் ஏறாது, சிப்பின் ஃப்யூஸ் அமைப்பு (கிளாக் வேகம் போன்றவற்றைத் தீர்மானிக்கும் செட்டிங்) மட்டும் மாறும். கம்பெனியிலிருந்து வரும்போது சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். இந்தப் படியை விட்டுவிட்டால், ஒரு நொடி அணைந்து எரிய வேண்டிய எல்இடி எட்டு நொடிக்கு ஒருமுறை மாறும். அப்படிக் கண்டால் காரணம் இதுதான். கிளாக் பட்டியலில் எக்ஸ்டர்னல் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். வெளியே கிரிஸ்டல் (கிளாக் துடிப்பு தரும் பாகம்) இணைக்காத சிப் அதன்பின் பேசாது. ரீசெட் காலைச் சாதாரணப் பின்னாக மாற்றும் வசதியையும் விட்டுவிடுங்கள். மாற்றினால் மீட்க 12 வோல்ட் புரோகிராமர் தேவைப்படும்.

இனி சோதனை. சிப்பின் 3-ஆம் காலிலிருந்து ரெசிஸ்டர், எல்இடி வழியாகக் கிரவுண்டுக்கு இணைப்பு கொடுங்கள். பிளிங்க் எக்ஸாம்பிளில் எல்இடி பின்னின் பெயர் வரும் மூன்று கட்டளைகளிலும் 4 என்று மாற்றுங்கள். காலின் வரிசை 3, புரோகிராமில் அதன் எண் 4. ஸ்கெட்ச் மெனுவில் 'அப்லோட் யூஸிங் புரோகிராமர்' கொடுத்தால் எல்இடி மினுக்கத் தொடங்கும்.

'இன்வேலிட் டிவைஸ் சிக்னேச்சர்' என்று வந்து எண்கள் எல்லாம் பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும் வயரிங்தான் கோளாறு. 5, 6-ஆம் கால்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

புராஜெக்டை டாட் போர்டில் சால்டர் செய்யும்போது சிப்பை நேரடியாக ஒட்டாமல், 8 பின் ஐசி சாக்கெட்டை ஒட்டிச் சிப்பை அதில் செருகுங்கள். ரிவ்யூவுக்கு முந்தின நாள் கைடு ஒரு மாற்றம் சொன்னால் சிப்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து ஏற்றலாம்.