பம்ப் கம்பெனிக்கும் பனியன் கம்பெனிக்கும் வேர்ட்பிரஸ் தளம் கட்டும்போது

"ஏனுங்க, ஒரு மாடல் சேர்க்கறதுக்கும் உங்களைத்தான் கூப்பிடோணுங்களா?" தளத்தை ஒப்படைத்த சில மாதங்களில் முதலாளியிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால், பக்கங்களை அமைத்த விதம் சரியில்லை என்று பொருள். கம்பெனி ஆட்கள் தாங்களே மாற்றிக்கொள்ளத்தானே வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளைப் போடுகிறோம்.

முதலில் கேட்டு வாங்க வேண்டியது விலைப்பட்டியலும் கேட்டலாக்கும். லோகோ, நிறமெல்லாம் பிறகு. கோவை சப்மெர்சிபிள் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: எச்பி, கிலோவாட், ஸ்டேஜ், போர் அளவு, ஹெட், டிஸ்சார்ஜ், டெலிவரி சைஸ், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா. இத்தனையையும், பக்கத்தை இழுத்துப்போட்டு அமைக்கும் பேஜ் பில்டரில் ஒரு அழகான டேபிளாகத் தட்டிவிட்டால் முதல் பத்து மாடல் வரை பிரச்சினை தெரியாது. அதற்குப் பிறகு ஒருவர் '5 எச்பி' என்பார், இன்னொருவர் '5.0' என்பார், மூன்றாமவர் எண்ணையும் அலகையும் ஒட்டி அடிப்பார். எச்பிவாரியாகத் தேடும் வசதி கேட்கும் நாளில் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டும்.

ஆகவே 'பம்ப்' என்று தனி போஸ்ட் டைப் (உள்ளடக்க வகை) உருவாக்குங்கள். அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் போன்ற பிளகினில் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள். கட்டத்தில் எண் மட்டும் இருக்கட்டும். 'எச்பி', 'மீட்டர்' என்ற அலகை, பக்கத்தைக் காட்டும் டெம்ப்ளேட் சேர்த்துக்கொள்ளும். ஃபேஸ், போர் அளவு போன்றவற்றைத் தட்டச்சு செய்ய விடாமல் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைக்க வேண்டும். வரிசைப்படுத்தும்போது 'எண்ணாக' என்று குறிப்பிடாவிட்டால் 10 எச்பி, 3 எச்பிக்கு முன்னால் வந்து நிற்கும், எழுத்து வரிசைப்படி ஒன்று மூன்றுக்கு முன் என்பதால். கிலோவாட்டை எச்பியிலிருந்து கணக்குப் போட்டுக் காட்டும் ஆசை வரும், வேண்டாம். 5 எச்பிக்கு நேம் பிளேட்டில் 3.7 என்றுதான் இருக்கும், கணக்கோ 3.73 என்று காட்டும். டீலர் அதைப் பிடித்துக்கொள்வார்.

போஸ்ட் டைப்பைப் பதிவு செய்யும் நிரலைத் தீமுக்குள் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகள்) எழுதாமல் ஒரு சின்ன பிளகினாக வையுங்கள். தீமில் எழுதினால், தீம் மாற்றிய அன்றே பம்புகள் எல்லாம் அட்மினிலிருந்து மறைந்துவிடும். தரவு டேட்டாபேஸில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் முதலாளிக்கு அது தெரியாதே.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கட்டங்கள் வேறு: துணி, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), சைஸ், குறைந்தபட்ச ஆர்டர். இங்கே பலரும் விடுவது சான்றிதழ். காட்ஸ் (இயற்கை முறை இழைத் துணிக்கானது), ஓக்கோ-டெக்ஸ் (தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்கானது) சான்றிதழ்களை வழக்கமாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். படத்தை மட்டும் ஏற்றி வைத்தால், காலாவதியான சான்றிதழை வெளிநாட்டு பையர் பார்ப்பார். முடிவுத் தேதிக்கு ஒரு கட்டம் வைத்து, தேதி கடந்ததும் தானே மறையும்படி செய்யுங்கள். ஆடித் தள்ளுபடி பேனருக்கும் இதே வழிதான். இல்லாவிட்டால் அது கார்த்திகையிலும் தொங்கிக்கொண்டிருக்கும்.

தமிழ் உள்ளடக்கம்

பிரஸ்காரர் தரும் கேட்டலாக் கோப்பு பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் மிஞ்சும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் கொ, கோ, கை வரும் சொற்களைக் கண்ணால் பாருங்கள். பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால் அடிக்கப்படும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். மாற்றும் கருவி சரியில்லையென்றால் கொம்பு புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். காலும் ரகரமும், 'ஔ'வும் 'ஒள'வும் குழம்பியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இவை குழம்பினால் தேடலில் சொல் சிக்காது.

தலைப்பைத் தமிழில் எழுதியதும் வேர்ட்பிரஸ் ஸ்லக்கையும் (பக்க முகவரியின் கடைசிப் பகுதி) தமிழிலேயே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்கே 9 எழுத்தாக விரியும். ஸ்லக்கின் எல்லை 200. ஆக 22 குறிதான் கொள்ளும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். 'நீர்மூழ்கி மோட்டார் பம்ப்' என்ற தலைப்பிலேயே கடைசிப் புள்ளி உதிர்ந்து 'பம்ப' என்று நின்றுவிடும். வாட்ஸப்பில் அனுப்பினால் அந்த முகவரி சதவீதக் குறிகளாக நீண்டு பயமுறுத்தும். ஸ்லக்கை ஆங்கில எழுத்தில், சின்னதாகக் கையால் போடுங்கள். பக்கத்தில் தமிழ் எழுத்தின் வரி உயரம் 1.7 அளவில் இருந்தால் மேல் விசிறியும் கீழ்க்காலும் மோதாது.

விசாரணை மெயில்

ஏற்றுமதியாளருக்கு இந்தத் தளத்தில் காசு தரும் இடம் விசாரணைப் படிவம் ஒன்றுதான். அதிலிருந்து வரும் மெயில் போய்ச் சேராமலே மாதக்கணக்கில் இருக்கும், யாருக்கும் தெரியாது. வழக்கமான காரணம்: அனுப்புநர் இடத்தில் பார்வையாளரின் முகவரியைப் போடுவது. அந்த டொமைனின் பெயரில் அனுப்ப உங்கள் சர்வருக்கு அனுமதி கிடையாது, அதனால் ஜிமெயில் ஸ்பாமில் தள்ளும் அல்லது வாங்கவே வாங்காது. அனுப்புநர் தளத்தின் சொந்த டொமைன் முகவரியாக இருக்க வேண்டும். பார்வையாளரின் முகவரி 'ரிப்ளை-டு'வில் போகட்டும். எஸ்எம்டிபி (மெயில் சர்வர்) வழியாக அனுப்பி, டொமைனில் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை (மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) சேர்த்துவிடுங்கள். கூடவே ஒவ்வொரு விசாரணையும் டேட்டாபேஸிலும் பதிவாகட்டும். மெயில் தொலைந்தாலும் பையர் தொலைய மாட்டார்.

ஆட்களும் படங்களும்

கம்பெனி ஆளுக்கு எடிட்டர் உரிமை போதும். அட்மின் கொடுத்தால் யூடியூப் பார்த்து ஒரு பிளகினைப் போட்டுவிடுவார். எடிட்டரும் பக்கத்தை அழிக்க முடியும்தான், ஆனால் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். மீட்பது எப்படி என்று அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வையுங்கள். முதலாளிக்குச் சொல்லித் தருவதை விட, தினமும் இதில் உட்காரப்போகும் அக்கவுண்ட்ஸ் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுதான் பலன்.

போனில் எடுத்த படம் சும்மாவே 4, 5 எம்பி இருக்கும். 5.3 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் 2560 பிக்ஸலுக்கு மேற்பட்ட படத்தைச் சுருக்கிக் காட்டுகிறது, ஆனால் மூலப்படமும் சர்வரில் அப்படியே கிடக்கும். சின்ன ஹோஸ்டிங் பிளானில் இடம் நிறைந்து அப்டேட், பேக்கப் எல்லாம் நிற்பது இதனால்தான்.

தளத்தை ஏற்றும் நாள்

சோதனை முகவரியிலிருந்து உண்மை முகவரிக்கு மாற்றும்போது டேட்டாபேஸில் நேரடியாகத் தேடி மாற்றாதீர்கள். பல அமைப்புகள் எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கும். முகவரியின் நீளம் மாறினால் எண்ணிக்கை பொருந்தாமல் விட்ஜெட்டும் தீம் அமைப்பும் காணாமல் போகும். வேர்ட்பிரஸின் கட்டளை வரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை அந்த எண்ணிக்கையையும் திருத்திவிடும். பழைய தளத்தின் முகவரிகளுக்கு 301 (புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போடுங்கள். 'ரீடிங்' அமைப்பில் தேடுபொறிகளைத் தடுக்கும் டிக்கை எடுத்தாயிற்றா என்று இருவர் பார்க்கட்டும்.

டொமைன் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மெயிலில், அவருடைய போன் எண்ணில்தான் இருக்க வேண்டும். இதில் பேச்சே இல்லை.

பேக்கப் அதே ஹோஸ்டிங்கில் இருந்தால் பேக்கப் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் டிரைவ் போல வெளியே போக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வேர்ட்பிரஸின் நேர அட்டவணை, யாராவது தளத்தைத் திறந்தால்தான் ஓடும். ஒரு நாளைக்கு நாலு பேர் வரும் பம்ப் கம்பெனித் தளத்தில் இரவு 2 மணி பேக்கப் காலை 10 மணிக்கு ஓடும், இல்லாவிட்டால் அன்றைக்கு ஓடவே ஓடாது. உள்ளிருக்கும் கிரானை (இந்த நேர அட்டவணையை) நிறுத்திவிட்டு, ஹோஸ்டிங் பேனலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் கோப்பைக் கூப்பிடும்படி வைத்துவிடுங்கள்.