பள்ளி முடிந்து வேலைக்கு: மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே செய்ய வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் பல வீடுகளில் அந்தக் கேள்வி எழுகிறது: "அடுத்து இவனை என்ன செய்ய?" பள்ளியில் சிறப்பாசிரியர் இருந்தார், தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது, தினமும் கிளம்பிப் போக ஓர் இடம் இருந்தது. பள்ளி முடிந்ததும் அத்தனையும் ஒரே வாரத்தில் நின்றுவிடுகிறது. வீட்டில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டால், காலையில் எழுந்து குளித்துக் கிளம்பும் பழக்கமே கழன்று போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவருவது புதிதாக ஒரு தொழில் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம். அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கச் சொல்கிறேன். கையில் நான்கு வருடம் இருக்கும். தமிழ்நாட்டுப் பெற்றோரையும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: ஆவணங்கள்

முதலில் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், சொல்வார்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இட ஒதுக்கீட்டுக்குத் தகுதி. சிறுவயதில் வாங்கிய குறைபாட்டுச் சான்றிதழ் என்றால் அதில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் அது முடிந்துபோயிருந்தால் மறுபடி மருத்துவக் குழு முன்னால் நிற்க வேண்டிவரும்.

அடுத்து, பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளிப் பதிவில் முன்னால், யுடிஐடியில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சாகும் முன்பே இவற்றை ஒன்றாக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

பிள்ளையின் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும் தொடங்குங்கள். பத்து வயதைத் தாண்டியவர்கள் தாங்களே இயக்கும் கணக்கு வைத்துக்கொள்ள வங்கிகள் அனுமதிக்கின்றன. சம்பளம் தன் கணக்கில் விழுவதைப் பார்க்கும் நாளுக்கு முன்பே ஏடிஎம்மும் பாஸ்புக்கும் பழகியிருக்க வேண்டும்.

படி 2: ஒரு பக்கக் குறிப்பு

மருத்துவச் சான்றிதழ் என்ன முடியாது என்பதைச் சொல்லும். வேலை கொடுப்பவருக்கு அது போதாது. ஒரே ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: எதில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறான், எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்க முடியும், சத்தம் தாங்குவானா, சொன்னால் புரிகிறதா அல்லது செய்து காட்டினால் புரிகிறதா, பதற்றம் வந்தால் முதலில் என்ன செய்வான், அப்போது நாம் என்ன செய்தால் அடங்கும்.

இதை மாணவரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். பேச்சு வராத பிள்ளையிடமும் கேட்கலாம். இரண்டு படங்களை முன்னால் வைத்து எதைத் தொடுகிறாள் என்று பாருங்கள். "இவளுக்கு மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொடுத்துவிடலாம்" என்று பெரியவர்களே முடிவு கட்டுவதை நிறையப் பார்க்கிறேன். மெழுகுவத்தியும் காகித உறையும் செய்வதில் தவறில்லை. பிடித்திருக்கிறதா என்று அவளிடம் யாரும் கேட்காததுதான் தவறு.

படி 3: வேலைக்கு முந்தைய பழக்கங்கள்

வேலை தெரியாமல் வேலையை விட்டவர்களைவிட, தனியாகப் பஸ் ஏறத் தெரியாமல் விட்டவர்கள் அதிகம் என்பது என் அனுபவம். பயணத்தை இப்படிப் பழக்கலாம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். அப்புறம் அதே பஸ்ஸில் நாலு சீட் தள்ளி உட்காருங்கள். பிறகு அவனை ஏற்றிவிட்டு, இறங்கும் நிறுத்தத்தில் இன்னொருவர் நிற்கட்டும். கடைசியில் தனியாக. வழக்கமான பஸ் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துப் பழக்குங்கள்.

இதோடு கழிப்பறை எங்கே என்று கேட்பது, உடம்பு சரியில்லை என்றால் லீவு சொல்வது, யாராவது தொட்டால் "வேண்டாம்" என்று சொல்லி நம்பிக்கையான ஒருவரிடம் தெரிவிப்பது. பெண் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆண் பிள்ளைகளுக்கும் இது வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்களான டாக்பேக்கைப் போனிலும் என்விடிஏவைக் கணினியிலும் இப்போதே பழகட்டும். இரண்டுமே இலவசம். காது கேளாதவர்கள் வாட்ஸ்அப்பில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிப் பழகினால் வேலையிடத்தில் பெரிய உதவியாக இருக்கும்.

படி 4: உண்மையான இடத்தில் முயற்சி

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். வகுப்பறையில் செய்யும் தொழில் பயிற்சியை வைத்து, கடையில் எப்படி இருப்பான் என்று கணிக்க முடியாது. விடுமுறையில் தெரிந்த மளிகைக் கடை, ஜெராக்ஸ் கடை, நர்சரித் தோட்டம், நூலகம் என்று வெவ்வேறு இடங்களில் தினம் ஓரிரு மணி நேரம் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கச் சட்டம் அனுமதிக்காது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. ஆகவே பட்டாசு, ரசாயனம் பக்கமே போக வேண்டாம். பள்ளிக்கும் தெரிந்து, கற்பதற்காகப் போவதாகவே இருக்கட்டும்.

எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதற்கு மளிகைக் கடையில் துவரம்பருப்பு பாக்கெட் போடுவதை எடுத்துக்கொள்கிறேன். நமக்கு அது ஒரே வேலை. அறிவுசார் குறைபாடு உள்ள மாணவருக்கு அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: கவரை எடு, வாயைப் பிரி, தராசில் வை, கரண்டியால் அள்ளிப் போடு, எண்ணைப் பார், சரியானதும் நிறுத்து, சீல் மெஷினில் வை, விளக்கு அணைந்ததும் எடு, கூடையில் போடு. நீங்களே ஒருமுறை செய்து பார்த்து இந்தப் பட்டியலை எழுதுங்கள்.

எண்ணைப் பார்ப்பதில்தான் பெரும்பாலும் சிக்கும். தராசு 250 கிராமில் அப்படியே நிற்காது. 248, 253 என்று ஆடும். கண்டிப்பாக 250தான் என்று சொல்லிக்கொடுத்தால், ஒவ்வொரு பருப்பாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பான். 250 முதல் 255 வரையுள்ள எண்களை ஓர் அட்டையில் பெரிதாக எழுதித் தராசுக்கு மேலே ஒட்டுங்கள். இந்த ஆறில் எது வந்தாலும் நிறுத்தலாம் என்றதும் கை ஓட ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் சிக்கினால் முழு வேலையையும் திரும்பச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். கை தேறத் தேற நீங்கள் ஓரடி பின்னால் நகருங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் பார்த்ததை அந்த ஒரு பக்கக் குறிப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த இடம் பிடிக்கவில்லை என்பதும் நல்ல தகவல்தான்.

படி 5: படிப்பா, பயிற்சியா

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் ஒன், ஐடிஐ, பாலிடெக்னிக் மூன்றும் திறந்தே இருக்கின்றன. ஐடிஐயில் சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம் இடம் ஒதுக்க வேண்டும். சேர்க்கைக்கான வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு.

திறனைச் சோதித்து வழிகாட்ட, சென்னை கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு (ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு) உள்ளவர்களுக்கு, சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை அணுகலாம்.

படி 6: வேலை தேடுதல்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவையுங்கள். அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. பார்வைக்கு 1, செவித்திறனுக்கு 1, மூளை முடக்குவாதம் உள்ளிட்ட உடல் இயக்கக் குறைபாடுகளுக்கு 1. கடைசி 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. போட்டித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டுமா? குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், கையால் எழுத முடியாதவருக்கு அந்த உதவியை மறுக்கக் கூடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள்.

ஆனால் அரசு வேலை வரும் வரை காத்திருக்கலாம் என்று மட்டும் உட்கார்ந்துவிட வேண்டாம். தனியாரிடம் போகும்போது இரக்கத்தை முன்னால் வைக்காதீர்கள். "பாவம் சார், ஒரு வேலை போட்டுக் கொடுங்க" என்று ஆரம்பித்தால் பாதிச் சம்பளத்தில்தான் முடியும். அந்த ஒரு பக்கத் தாளை நீட்டி, "இந்த வேலையைச் செய்வாள், இந்த இரண்டு மாற்றம் வேண்டும்" என்று சொல்லுங்கள். மாற்றம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும்: வாய்மொழிக்குப் பதில் எழுதிக் கொடுப்பது, ஒரு ஸ்டூல், சாய்வுதளம் உள்ள வாசலுக்குப் பக்கத்தில் மேசை. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் என்றால் அதற்குச் சமவாய்ப்புக் கொள்கை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதி தருவோம் என்று எழுதிவைத்த அறிக்கை இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

நேர்காணலில் கேள்வி மாணவரிடம் வந்தால் பதிலும் அவரிடமிருந்தே வரட்டும். அம்மாவோ ஆசிரியரோ முந்திக்கொள்ள வேண்டாம். பதில் வரத் தாமதமானால் தாமதமாகட்டும்.

படி 7: சேர்ந்த பிறகு

முதல் மூன்று மாதம் கைவிடாதீர்கள். வேலையிடத்தில் ஒரு சக ஊழியரைத் துணைக்குப் பிடித்துவையுங்கள். மேலாளரைவிடப் பக்கத்து மேசைக்காரர்தான் உதவுவார். ஆரம்பத்தில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒன்று. "எப்படி இருக்கான்?" என்று கேட்டால் "நல்லா இருக்கான்" என்பார்கள். "நேற்று எந்த இடத்தில் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள், விஷயம் வெளியே வரும்.

வேலைக்குப் போனால் அரசு உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயத்திலேயே சில வீடுகளில் பிள்ளையை அனுப்புவதில்லை. எந்த உதவித்தொகை, என்ன நிபந்தனை என்று நல அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

முதல் வேலை நிலைக்காமல் போகலாம். எல்லா இளைஞர்களுக்கும் நடப்பதுதான். என்ன காரணம் என்று எழுதிச் சேர்த்து, நான்காம் படிக்குத் திரும்பி வேறோர் இடத்தில் முயன்று பாருங்கள். அந்த இடைவெளியிலும் காலையில் எழுந்து குளித்து, வழக்கமான நேரத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பட்டும். பக்கத்து நூலகத்துக்குப் போய் வந்தாலும் போதும்.