பழைய வெள்ளி ரூபாயை எந்த உறையில் வைப்பது?

வீட்டில் விக்டோரியா ராணி, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் இருந்தால் முதலில் அதன் உறையை முகர்ந்து பாருங்கள். புது ரெக்ஸின் போல வாடை அடித்தால் அது பிவிசி. மலிவான ஆல்பங்களில் பெரும்பாலும் இந்த மெதுமெதுப்பான பிளாஸ்டிக்தான். நாளாக ஆக அதிலிருந்து கசியும் ரசாயனம் நாணயத்தில் பிசுபிசுப்பான பச்சைப் படலமாகப் படியும். விட்டுவிட்டால் உலோகத்தையே அரித்துவிடும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

மைலார் என்ற தெளிவான பாலியெஸ்டர் தாளால் ஜன்னல் வைத்த அட்டை உறை விலை குறைவு, பாதுகாப்பானதும்கூட. வெள்ளி ரூபாயின் விட்டம் சுமார் 30.5 மில்லிமீட்டர், அது தாராளமாக அடங்கும் ஜன்னலாகப் பார்த்து வாங்குங்கள். நாணயத்தை உள்ளே வைத்து, அட்டையை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்ததும் அதன் முனைகளைக் குறட்டால் தட்டையாக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பக்கத்து உறையைக் கிழித்து, அதிலுள்ள நாணயத்தையும் கீறிவிடும். நாணயத்தை வெளியே எடுக்கும்போது பின்களை முழுவதும் கழற்றிய பிறகே அட்டையைப் பிரியுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் ராணியின் கன்னத்தில் கோடு விழும், அது போகவே போகாது.

விளிம்பை மட்டும் பிடியுங்கள், கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஈரத்தை உறிஞ்ச ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். அப்புறம், புளி, விபூதி, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். கருத்த வெள்ளியைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள். பளபளவென்று தேய்த்ததற்கு விலை குறைத்துத்தான் கேட்பார்கள்.