14-க்கு 1: 1796 பென்சில்வேனியா தேர்தல் முடிவைப் படிப்பது எப்படி?

பழைய அமெரிக்கத் தேர்தல் அட்டவணையை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பலர் சறுக்கும் இடம் இது. 1796 அதிபர் தேர்தல், பென்சில்வேனியா மாநிலம்: ஜெஃபர்சன் 14, ஆடம்ஸ் 1. ‘அடேயப்பா, எவ்வளவு பெரிய வெற்றி!’ என்று நினைத்துவிடாதீர்கள். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தேர்வாளர்களை, அதாவது மக்கள் சார்பில் அதிபர் தேர்தலில் வாக்களிப்பவர்களை, எண்ணுங்கள். நாடாளுமன்றக் கீழவையில் மாநிலத்துக்கு இருந்த இடங்களுக்கு 13, மேலவையான செனட்டில் இருந்த இடங்களுக்கு 2. ஆக 15 பேர்.

படி 2: வாக்குச்சீட்டை நீங்களே எழுதிப் பாருங்கள். இதை மட்டும் தாண்டிச் செல்லாதீர்கள். 1 முதல் 15 வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். நவம்பர் 4 அன்று அங்கே வாக்களித்தவர் கொடுத்த சீட்டு இப்படித்தான் இருந்தது. அவர் தேர்ந்தெடுத்தது தேர்வாளர்களை. ஆடம்ஸையோ ஜெஃபர்சனையோ நேரடியாக அல்ல. அச்சிட்ட சீட்டு செல்லாது, கையால்தான் எழுத வேண்டும். கை வலிக்கிறதா? ஜெஃபர்சன் தரப்பின் ஜான் பெக்லி அந்த வலியைப் புரிந்துகொண்டவர். ஆயிரக்கணக்கான சீட்டுகளைக் கையால் எழுதவைத்து மாநிலம் முழுக்க அனுப்பினார். இந்தத் தேர்தலில் நான் மிகவும் வியக்கும் மனிதர் அவர்தான்.

படி 3: பெயர் பெயராகக் கூட்டுங்கள். இரு அணிகளுக்கும் தலா ஏறக்குறைய 12,000 வாக்குகள். இடைவெளி மிகக் குறுகியது. ஒவ்வொரு பெயருக்கும் தனிக் கணக்கு என்பதால் முடிவும் கலந்தே வந்தது: ஜெஃபர்சன் அணியில் 13 பேர், ஆடம்ஸின் பெடரலிஸ்ட் அணியில் 2 பேர்.

படி 4: இரண்டால் பெருக்குங்கள். அன்று ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்குகள். அதிபருக்கு, துணை அதிபருக்கு என்ற பிரிவினை கிடையாது. 1804இல் பன்னிரண்டாவது திருத்தம் வந்த பிறகே அது மாறியது. ஆகவே 15 பேருக்கு 30 வாக்குகள். ஜெஃபர்சன் 14, அவர் அணியின் இன்னொரு வேட்பாளர் பர் 13, ஆடம்ஸ் அணியின் இன்னொரு வேட்பாளர் பிங்க்னி 2, ஆடம்ஸ் 1. கூட்டினால் சரியாக வரும்.

படி 5: பொருந்தாத எண்ணைத் தேடுங்கள். ஜெஃபர்சன் அணியில் வென்றவர்கள் 13 பேர்தானே, அவருக்கு 14 எப்படி? பெடரலிஸ்ட் அணியில் வென்ற, பிலடெல்பியாவின் முன்னாள் மேயர் சாமுவேல் மைல்ஸ், டிசம்பரில் ஜெஃபர்சனுக்கும் பிங்க்னிக்கும் வாக்களித்துவிட்டார். அவரை நாங்கள் தேர்ந்தெடுத்தது சொன்னதைச் செய்யத்தான், எங்களுக்காகச் சிந்திக்க அல்ல என்ற பொருளில் பெடரலிஸ்ட் வாக்காளர் ஒருவர் பத்திரிகையில் கொதித்து எழுதினார்.