பழைய பள்ளிக் கட்டடம்: நிதி கேட்கும் முன்

முதலில் கூரையைப் பாருங்கள். வெள்ளையடிக்கத்தான் பலரும் பணம் கேட்பார்கள். ஒழுகும் கூரையின் கீழ் அது வீண்செலவு. கசியும் நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து, கான்கிரீட்டைப் பாளம் பாளமாகப் பெயர்க்கும். சுத்தியலால் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அளவுகோலோடு படமெடுங்கள். விண்ணப்பத்தில் பத்துப் பக்கக் கடிதத்தைவிட இது அதிகம் பேசும்.

மதிப்பீட்டில் ‘பழுதுபார்ப்பு’ என்று ஒரே தொகை போடாதீர்கள். கூரை, மின்சாரம், தீத்தடுப்பு, கழிப்பறை என அபாய வரிசையில் பிரியுங்கள்; பாதித் தொகையே வந்தாலும் எதில் தொடங்குவதென்று குழப்பமிராது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (RCCB) செலவு குறைந்தது, அதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. பூச்சை உடைத்தபின்தான் உண்மைச் சேதம் தெரியும் என்பதால் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகக் கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அகற்றும் செலவைத் தனியாகக் காட்டுங்கள்.